எரிந்து முடிந்த கிளாஸ்கள்

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் காலையில் எங்கள் பெரியம்மா ஓர் அரிசிச் சாக்கை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போவார். மழை பெய்தாலும் போவார். நவம்பர் மாதக் கடலூரில் பெரும்பாலும் மழைதான் பெய்யும். திரும்பி வரும்போது தோளில் கிடக்கும் சாக்கு கலகலவென்று சத்தம் போடும். அது என்ன சத்தம் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள் எனக்கு ஏதாவது வேலை வந்துவிடும்.

பெரியம்மா என்றால் அம்மாவின் அக்கா. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் தனியாக இருந்தார். சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. பெரியப்பா மஸ்கட்டுக்குப் போனவர். கொஞ்ச காலம் கடிதம் போட்டார், பிறகு நின்றுவிட்டது. செத்துப்போனார் என்றும் தகவல் இல்லை. அதனால் கல்லறைத் தோட்டத்தில் திரி ஏற்றி வைக்கப் பெரியம்மாவுக்கு யாரும் கிடையாது. திருநாள் அன்று சாயங்காலம் ஊரே அங்கே நிற்கும்போது அவர் வீட்டில் படுத்திருப்பார். மறுநாள்தான் அவருடைய திருநாள்.

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டம் கடலுக்குப் பக்கம். வெறும் மெழுகுதிரியைக் கல்லில் ஒட்டவைத்தால் காற்று ஒரு நிமிடம்கூட விட்டுவைக்காது. அதனால் வசதி உள்ளவர்கள் பாண்டிச்சேரியிலிருந்து கண்ணாடி கிளாஸில் ஊற்றிய திரி வாங்கி வந்து வைப்பார்கள். கடல் பொங்கி வந்த வருடத்துக்கு அடுத்த நவம்பரில் தோட்டத்தில் புதுக் கல்லறைகள் நிறைய. கண்ணாடித் திரிகளும் நிறைய. எரிந்து முடிந்த கிளாஸை யாரும் திரும்பி வந்து கேட்பதில்லை. துப்புரவுக்கு வரும் பெண்கள் எல்லாவற்றையும் சுவரோரம் குவித்துவைப்பார்கள், குப்பை வண்டி வந்து அள்ளும். பெரியம்மா வண்டிக்கு முன்னால் போய்விடுவார். இதில் திருட்டு எதுவும் கிடையாது. சர்ச்சின் பங்குச் சாமியாரே, "எடுத்துக்கிட்டுப் போம்மா, எனக்கு ஒரு வண்டி குப்பை குறையும்" என்று சிரித்துவிட்டுப் போவார்.

திருட்டாக இருந்திருந்தால் பெரியம்மா மறைத்தாவது எடுத்து வந்திருப்பார். அவருக்கு மறைக்கிற பழக்கமே கிடையாது.

சுத்தம் செய்வது கிணற்றடியில் நடக்கும். முதலில் கிளாஸ்களை வெயிலில் கவிழ்த்துவைப்பார். மழைக்காலத்தில் வெயில் எங்கே வரும்? உடனே பொறுமை போய்விடும். கொதிக்கக் கொதிக்க வெந்நீரை எடுத்து ஊற்றுவார். "பெரியம்மா, கண்ணாடி சில்லுனு இருக்கு, திடீர்னு சூடு பட்டா விரிசல் விடும். மொதல்ல வெதுவெதுப்பா ஊத்து" என்பேன். நான் சிதம்பரத்தில் பொறியியல் படித்தவள், வெப்ப விரிவைப் பற்றிப் பரீட்சை எழுதியவள். "அப்பிடியா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே ஊற்றுவார். டப்பென்று ஒன்று உடையும். "இதுக்கு அவ்ளோதான் ஆயுசு" என்று அடுத்ததை எடுப்பார். மிஞ்சுகிற கிளாஸின் அடியில் திரியைப் பிடித்திருக்கும் தகரச் சில்லைக் கத்தி முனையால் நெம்புவார். விளிம்பில் படிந்த கரியைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பார். கடைக்காரன் ஒட்டிய லேபிளில் தேங்காய் எண்ணெய் தடவி உரித்து எடுப்பார். யாராவது கையால் சிலுவை போட்டிருந்தாலோ பெயர் எழுதியிருந்தாலோ அதை மட்டும் தொடமாட்டார். கேட்டால், "எழுதுன பேர எப்பிடிடி தேய்க்கிறது?" என்பார்.

மெழுகை ஒரு பழைய ஹார்லிக்ஸ் டப்பாவில் உருக்கிச் சேர்த்துக்கொள்வார். ஒருமுறை உருக்கிய டப்பாவைக் கழுவி அந்தத் தண்ணீரைத் தொட்டி முற்றத்துச் சாக்கடையில் ஊற்றிவிட்டார். உள்ளே போன மெழுகு ஆறி அடைத்துக்கொண்டதில், எங்கள் வீட்டுத் தண்ணீரும் பக்கத்து வீட்டுத் தண்ணீரும் சேர்ந்து வாசலுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து கத்தினார். பெரியம்மா கையை விட்டுத் துழாவி, குழாய் வடிவத்திலேயே உறைந்த வெள்ளை மெழுகை முழம் முழமாக இழுத்து வெளியே போட்டார். "பாத்தீங்களா மாமா, உங்க வூட்டுச் சாக்கடைலேருந்தே மெழுகுதிரி வருது! நீங்க புண்ணியவான்!" அவர் திட்ட வந்ததை மறந்து சிரித்துவிட்டார். தெருவே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

பெரியம்மாவின் அலமாரியில் அந்த கிளாஸ்களில் இருந்தவை: கடுகு, சீரகம், ஊக்கு, பொத்தான், மாத்திரை, ரீசார்ஜ் கூப்பன், விதைக்கு வைத்த அவரை, ஆணி, உப்பு. எங்கள் வீட்டிலும் அதே கதைதான். என் மேசையில் ஒன்று பென்சிலுக்கு. அப்பாவின் ஷேவிங் பிரஷுக்கு ஒன்று. "காலியா ஒண்ணு நின்னா எனக்குக் கண்ணு உறுத்துது" என்று நிரப்பி நிரப்பிக் கொண்டுவந்து வைப்பார்.

சிதம்பரத்தில் நான் ஹாஸ்டலில் இருந்தேன். ஊறுகாய் அந்த கிளாஸில்தான் வரும். மூடி இல்லாததால் மேலே பிளாஸ்டிக் கவரும் ரப்பர் பேண்டும். ஒரு தடவை வந்த மாங்காய் ஊறுகாயில் மல்லிகைப்பூ வாசம் அடித்தது. வாசனைத் திரியின் மிச்சம். என் அறைத்தோழி, திட்டக்குடிப் பெண், முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னாடி இது, சாமிக்குப் படைச்ச ஊறுகாயா?" என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சமயம் எனக்குத் தெரிந்ததெல்லாம், அவளுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவே வந்துவிட்டார். பார்வையாளர் அறையில் என் தோழிகள் சுற்றி உட்கார்ந்து அவர் கொண்டுவந்த முறுக்கைத் தின்றார்கள். திட்டக்குடிக்காரி, "ஆன்ட்டி, அந்த கிளாஸ் நல்லாருக்கு. எந்தக் கடை?" என்று கேட்டாள். நான் பெரியம்மாவின் காலை மிதித்தேன்.

"ஏண்டி மெறிக்கிற?" என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டு அவளிடம் திரும்பினார். "கடையா? கல்லறைல எடுத்தது கண்ணு. வருசா வருசம் எடுப்பேன். உனக்கும் ரெண்டு வேணுமா?"

அந்தப் பெண்கள் மரியாதை தெரிந்தவர்கள். கையில் இருந்த முறுக்கைத் தின்று முடித்தார்கள், அடுத்ததை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு என் ஊறுகாயை நான் மட்டும்தான் தொட்டேன்.

அன்றைக்கு அவரை பஸ் ஏற்றிவிடப் போனபோது, பஸ் நிலையத்தில் டீக்கடை பெஞ்சுக்கு அடியில் ஒரு ஜாம் பாட்டில் கிடந்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்து எடுத்தார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் காலைத் தூக்கி இடம் விட்டார்கள். எங்கள் வகுப்புப் பையன்கள் இருவர் அங்கே நின்றிருந்தார்கள். வெளியே வந்து தலையில் ஒட்டிய தூசியைத் தட்டியபோதுகூட அவர் சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. யார் பார்க்கிறார்கள் என்று பார்க்கிற எண்ணமே அவருக்கு இருந்ததில்லை. அந்த வேலையை அவருக்கும் சேர்த்து நான் செய்தேன். எங்கே போனாலும் நான்தான் நாலு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படித்து முடித்துக் கடலூரிலேயே ஒரு கம்பெனியின் சோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அடுத்த டிசம்பர் முடிவில் புயல் அடித்தது. மாவட்டம் முழுக்கக் கம்பங்கள் சாய்ந்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. கடையில் மெழுகுதிரி தீர்ந்துபோனது. ஹார்லிக்ஸ் டப்பா மெழுகைப் பெரியம்மா கிளாஸ்களில் ஊற்றி, பழைய வேட்டிக் கரையைத் திரித்துத் திரி போட்டார். தெருவே அவர் வாசலுக்கு வந்தது. சாக்கடைக்குச் சண்டை பிடித்த மாமா, "எம்மா, எனக்கு ரெண்டு குடு, பேரன் இருட்டுக்கு அழுவுறான்" என்றார். "கல்லறை மெழுகு, வீட்டுக்குள்ள ஏத்தாத" என்று எத்தனையோ தடவை சொன்ன அம்மாவே மாதா படத்துக்கு முன்னால் ஒன்றை வைத்தார். பெரியம்மா யாரையும் குத்திக்காட்டவில்லை. அவருக்கு அது தோன்றியே இருக்காது.

ஈஸ்டர் முடிந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

சிதம்பரத்துக் குடும்பம். மாப்பிள்ளை வங்கியில் வேலை. அவருடைய அப்பா கடலூர்க்காரர், சில வருடம் முன்பு இறந்தவர். சொந்த ஊரிலேயே புதைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டதால் எங்கள் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம். இதெல்லாம் எங்களுக்கு முன்பே தெரியும். தெரிந்தும் யாருக்கும் உறைக்கவில்லை. அவர்கள் வருவதற்கு முன் எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் யோசித்துவைத்தோம். நான் ஒரு தாளில் எழுதியே வைத்திருந்தேன்: நாற்காலி இரவல், மேசை விரிப்பு, கரண்ட் போனால் விசிறி, கழிவறைக் கதவின் தாழ்ப்பாள். டம்ளரை எழுதவில்லை. நல்ல ஸ்டீல் டம்ளர் ஆறு எங்களிடம் இருந்தது.

வந்தவர்கள் நான்கு பேர்: மாப்பிள்ளை, அவர் அம்மா, தங்கை, தாய்மாமன். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. அந்த வருடம் அது வழக்கம். புழுக்கத்தில் எல்லோருக்கும் வியர்த்தது. சமையலறையில் பெரியம்மா நன்னாரி சர்பத் கலக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஸ்டீல் டம்ளர்ல ஊத்து" என்றார் அம்மா.

"மாப்ள வூட்டுக்காரங்களுக்கு ஸ்டீலா? நம்ம கௌரவம் என்னாவுறது? ஒரே மாதிரி கண்ணாடி கிளாஸா ஆறு எடுத்து வச்சிருக்கேன், நீ போ."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் கூடத்திலிருந்து அப்பா கூப்பிட்டார். தட்டை என் கையில் கொடுத்தார்கள். அடிப்பக்கம் தடித்த, பளபளவென்று இருந்த கிளாஸ்கள். உண்மையில் பார்க்க அழகாகத்தான் இருந்தன. எங்கிருந்து வந்தவை என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு நாள் யாரும் கேட்காமல் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு தட்டை நீட்டினேன்.

தாய்மாமனுக்கு நல்ல தாகம். ஒரே மூச்சாக அண்ணாந்து குடித்தார். அவருக்கு எதிரே மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்திருந்தார். தம்பி கிளாஸைச் சாய்க்கச் சாய்க்க, அதன் அடிப்பாகம் அக்காவின் முகத்துக்கு நேராக உயர்ந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் தன் கிளாஸை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"தம்பி, அதக் குடு."

"என்னக்கா, இன்னும் ஊத்தச் சொல்லவா?"

"குடு இங்க."

வாங்கித் திருப்பிப் பார்த்தார். அடியில் சிவப்பு நகப்பூச்சில் இரண்டு எழுத்து. என் அம்மாவைப் பார்த்து, "இது எங்க வாங்குனது?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

"அது... இங்கதாங்க... கடையில..." என்று அம்மா இழுத்தார்.

சமையலறை வாசலில் நின்ற பெரியம்மாவுக்குத் தன் கிளாஸை யாரோ விசாரிக்கிறார்கள் என்ற சந்தோஷம். "கடையில எங்க? கல்லறைத் தோட்டத்துல எடுத்தது! எப்பிடி இருக்குது பாருங்க, புதுசாட்டம்!"

அப்பா விசிறுவதை நிறுத்திவிட்டார்.

"இத எழுதுனது நான்" என்றார் அந்த அம்மா. "இவுங்க அப்பா பேரு. போன திருநாளுக்கு வச்சது. ஒரே மாதிரி கிளாஸ் ரொம்ப இருக்குமே, மாறிடப் போவுதுன்னு எழுதுனேன்."

தாய்மாமன் எழுந்து பின்பக்கம் போனார். கிணற்றடியில் அவர் வாய் கொப்பளிப்பது திரும்பத் திரும்பக் கேட்டது. தங்கை தன் கிளாஸை நாற்காலிக்கு அடியில் தள்ளினாள். மாப்பிள்ளை தன்னுடையதை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். யாராவது ஏதாவது பேச வேண்டும். நான் பேசினேன்.

"சுத்தமாத்தான் இருக்கும்மா. மொதல்ல கொதிக்கிற தண்ணியில போடுவாங்க. அப்புறம் சோடா உப்பு போட்டுத் தேய்ப்பாங்க. அதுக்கப்புறம் வெயில்ல..." சோதனைக் கூடத்தில் அறிக்கை வாசிக்கிற குரலில் சொல்லிக்கொண்டே போனேன்.

"சுத்தத்தப் பத்தி யாரும்மா கேட்டா?" என்றார் அவர். கோபம் இல்லை. அந்தக் குரல் என்னைச் சட்டென்று நிறுத்தியது.

அப்போதுதான் பெரியம்மாவைப் பார்த்தேன். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா முகத்தை, அம்மா முகத்தை, மாப்பிள்ளை முகத்தை, என் முகத்தை. எப்போதும் எதையாவது பிடித்திருக்கிற அவர் கைகளுக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. அந்த அம்மா கையிலிருந்த கிளாஸை வாங்கி, முந்தானை நுனியில் துடைத்து அவரிடமே நீட்டினார்.

"எழுத்த அழிக்கலம்மா. பேராச்சேன்னு வுட்டுட்டேன்."

இவ்வளவு சின்னக் குரல் பெரியம்மாவிடம் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. பல வருடமாக நான் ஆசைப்பட்டது அது ஒன்றுதான். இந்தப் பெரியம்மாவுக்குக் கொஞ்சமாவது வெட்கம் வராதா என்று. வந்துவிட்டது. பார்க்க முடியவில்லை.

அந்த அம்மா கிளாஸைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். "சொல்லி அனுப்புறோம்" என்று கிளம்பிப் போனார்கள்.

அம்மா கத்தித் தீர்த்தார். "என் பொண்ணு வாழ்க்கைய ஒரு கிளாஸுக்கு வித்துட்டியேக்கா!" மறுநாள் நான் எழுந்தபோது பெரியம்மாவின் அலமாரி காலி. கடுகும் சீரகமும் காகிதப் பொட்டலங்களில் இருந்தன. எங்கள் வீட்டு கிளாஸ்களையும் எடுத்திருந்தார். என் பென்சில்கள் மேசைமேல் வரிசையாக அடுக்கிவைக்கப்பட்டிருந்தன. கிளாஸ் நிரம்பிய சாக்கு, குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வாய் கட்டப்பட்டு இருந்தது.

ஒரு வாரம் கழித்துச் சிதம்பரத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார். சம்மதம். அம்மா அழுதுகொண்டே ஸ்பீக்கரில் போட்டார், அப்பாவும் கேட்கட்டும் என்று. நானும் கேட்டேன். தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த பெரியம்மாவும் கேட்டார்.

"பொண்ணு மேல என்னா தப்பு இருக்குது சம்மந்தி? ஒண்ணே ஒண்ணுதான். உங்க அக்கா தாராளமா கல்யாணத்துக்கு வரட்டும், வேணாங்கல. பந்தி, தண்ணி, அந்தப் பக்கம் மட்டும் அவுங்க கை படாம பாத்துக்குங்க. என் தம்பி இன்னமும் சொல்லிச் சொல்லிக் காட்டுறான்."

அம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு பெரியம்மாவைப் பார்த்தார்.

"நாயந்தானே" என்றார் பெரியம்மா, பீன்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல். "சரின்னு சொல்லு."

அன்று சாயங்காலம் மாப்பிள்ளையிடம் போனில் பேசினேன். "அம்மா சொல்றதக் கேட்டுட்டுப் போயிடலாமே, ஒரு நாள்தானே" என்றார். கெட்ட மனிதர் இல்லை, இன்றுவரை இல்லை. ஒரு நாள்தானே என்று எனக்கும் பட்டது.

கல்யாணம் சிதம்பரத்தில். சர்ச்சில் பூசை முடிந்து மண்டபத்துக்கு வந்தோம். வடலூரிலிருந்து வந்த சமையல்காரர்கள் பரபரப்பாக இருந்தார்கள். என் அம்மாவின் கல்யாணம், சித்தியின் கல்யாணம், தெருவில் நடந்த எத்தனையோ கல்யாணம் என்று எல்லாப் பந்தியிலும் சாம்பார் வாளியோடு ஓடியவர் பெரியம்மா. என் கல்யாணத்தில் அரக்கு நிறப் பட்டுச் சேலையில், கதவோரத்து நாற்காலியில், இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் கும்பிட்டால் கும்பிட்டார். வேறெதற்கும் கையை எடுக்கவில்லை.

முதல் பந்தி முடிந்து நான் அந்தப் பக்கம் போனபோது மெல்லக் கூப்பிட்டார். "பாப்பா, ஒரு வாய் தண்ணி மொண்டு குடேன். காலைலேருந்து நாக்கு வறளுது."

தண்ணீர் டிரம்மும் அதன்மேல் டம்ளரும் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. "இங்கதானே இருக்கு பெரியம்மா. மொண்டு குடிக்கறதுதானே?"

"நான் தொடக் கூடாதில்ல" என்றார், தெரியாத ஒன்றை எனக்கு எடுத்துச் சொல்கிறவர் மாதிரி.

மொண்டு நீட்டினேன். டம்ளரை வாங்கவில்லை. நாற்காலியிலிருந்து சற்று முன்னால் குனிந்து, இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து வாயருகே வைத்துக்கொண்டார். "ஊத்து கண்ணு. பொடவ நனையாம, தள்ளி நின்னு ஊத்து."

ஊற்றினேன். கல்யாணப் பெண், கழுத்தில் மாலையோடு நின்று, அவர் கைக்குள் ஊற்றினேன். கண்ணை மூடிக் குடித்தார். முழங்கை வழியாக வழிந்து அவர் பட்டுதான் நனைந்தது. போதும் என்று தலையசைத்து, வாயைத் துடைத்துக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.